குரலைத் தாங்கும் இரும்பு

சென்ற இதழில் ஒலிவாங்கியைப் பற்றியும், ஒலியைப் பெருக்கும் சாதனத்தைப் பற்றியும் விரிவாகப் பார்த்தோம். அவ்விரண்டும் எவ்வளவு உயர்ந்த தரத்தைச் சேர்ந்தவையாயிருப்பினும், அபாய காலத்தில் ஜனங்களின் செவியில் விழவேண்டிய சொல்லானது, முடிவில் ஒரு கம்பத்தின் உச்சியிலோ கூரையின் அடியிலோ இரண்டு மூன்று போல்ட்டுகளின் பலத்தில் நிற்கும் ஒரு குழாயின் வழியாகவே வெளிவரவேண்டியிருக்கிறது; அந்தப் போல்ட்டு நழுவினால் அதற்குப் பின்னே உள்ள சகல ஏற்பாடுகளும் வீணாகிவிடும். ஆகையால் இந்த வாரம் கம்பங்களையும் தாங்கிகளையும் கிளாம்புகளையும் பற்றியே எழுத விரும்புகிறேன். அற்ப விஷயம் என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாகாது.

ஓர் ஒலிபெருக்கிக் குழாய் என்ன செய்யக்கூடும் என்பதற்குப் புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் கிராமமே போதுமான சாட்சி. அங்கே சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் கிராம அறிவு மையம் ஒன்று ஏற்பட்டு, அலைகளின் உயரத்தையும் காற்றின் போக்கையும் கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒலிபெருக்கியின் மூலம் அறிவிக்கும் வழக்கம் இருந்துவந்தது. 2004 டிசம்பர் 26 அன்று காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்துவந்த அவ்வூர் வாலிபர் ஒருவர் சுனாமிச் செய்தியறிந்து தொலைபேசியில் எச்சரிக்க, அந்த எச்சரிக்கை அதே ஒலிபெருக்கியில் ஊர் முழுவதற்கும் சொல்லப்பட்டது. வீடுகள் அழிந்தன, ஏறத்தாழ 3,600 பேர் கொண்ட அந்தக் கிராமத்து ஜனங்கள் உயிர் தப்பினார்கள். நாள்தோறும் மீன்பிடிப்புச் சேதி சொல்வதற்காக வைத்த சாதனம், ஆண்டாண்டுக் காலம் உப்புக் காற்றில் நின்றும் அந்த ஒரு காலையில் தன் கடமையைச் செய்யும் நிலையில் இருந்தது என்பதே இங்கு நாம் கவனிக்கவேண்டியது.

கடற்கரையில் நிற்கும் கம்பத்துக்குச் சத்துருக்கள் இருவர்: காற்றும் உப்பும்.

காற்றைப் பற்றிச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தாக்குதல் நான்கு மடங்காகிறது. சென்னைப் பகுதிக்கு இந்தியத் தர நிர்ணயம் விதித்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வீசும் காற்று ஒவ்வொரு சதுர மீட்டர்ப் பரப்பின்மீதும் சுமார் 150 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. வாயகலம் 50 சென்டிமீட்டர் உள்ள குழாய் ஒன்றின்மீது இந்தக் கணக்குப்படி 30 கிலோ பாரம் விழும். அதன் வாய் காற்றை நேருக்கு நேர் எதிர்கொள்ளுமானால், உட்குழிந்த வடிவம் காரணமாக அதற்கும் மேலேயே விழும். விரித்த குடையை எதிர்காற்றில் பிடித்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. குழாயின் சொந்த எடையோ சில கிலோக்களே. அந்தச் சில கிலோவைத் தாங்கினால் போதும் என்று எண்ணித் தாங்கியைத் தேர்ந்தெடுப்பதுதான் நடைமுறையில் நான் அதிகமாகக் காணும் பிழை. பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் அந்தப் பாரம் நெம்பும்போது கம்பத்தின் அடித்தட்டும், அதைக் கான்கிரீட்டில் பிணைக்கும் ஆங்கர் போல்ட்டுகளும் எவ்வளவு பெரிய நெம்புவிசையை ஏற்கவேண்டியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். கிழக்குக் கடற்கரையை ஒட்டிய சுமார் 60 கிலோமீட்டர் அகலமுள்ள பகுதியில், புயல் கடந்த பின்னும் உபயோகப்படவேண்டிய கட்டிடங்களுக்கு, காற்றின் வேகத்தை 1.3 மடங்காகக் கொண்டு கணக்கிடவேண்டும் என்று அதே நிர்ணயம் 2015-இல் திருத்தப்பட்டபோது விதித்தது. எச்சரிக்கைக் கம்பமும் அந்த வரிசையில் வைத்து எண்ணத் தக்கதே என்பது என் அபிப்பிராயம். புயலோடு சேர்ந்து விழும் எச்சரிக்கைக் கம்பத்தால் என்ன பிரயோஜனம்?

குழாயைக் கம்பத்தோடு பிடிக்கும் கிளாம்பு ஒன்றாக இருந்தால் போதாது, இரண்டு இருக்கவேண்டும். ஒற்றை யூ போல்ட்டில் நிற்கும் குழாய் விழாமல் இருக்கலாம். ஆனால் காற்று அதை மெல்ல மெல்லத் திருப்பி, ஊரைப் பார்த்திருந்த வாயைச் சவுக்குத் தோப்பின் பக்கம் பார்க்கவைத்துவிடும். கீழே நிற்பவனுக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். சோதனைக்காக மின்சாரம் கொடுத்தால் ஓசையும் கேட்கும். ஆனால் கூம்பு வடிவக் குழாய் தன் வாய்க்கு நேரே ஒலியைக் குவித்துப் பக்கங்களில் குறைத்து அனுப்பும் சுபாவமுடையதாதலால், வார்த்தை தெளிவாக விழவேண்டிய தெருவில் வெறும் முழக்கம் மாத்திரமே விழும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபெல் குறைகிறது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணினால், திசை தவறுவது எத்தனை பெரிய நஷ்டம் என்பது புரியும். குழாயின் வாய் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பது, ஜனங்களின்மீது சொல் விழுவதற்கும், மழைநீர் உள்ளே தங்காமல் வடிவதற்கும் ஒருங்கே உதவுகிறது. கம்பியும் குழாய்க்குள் நேராக நுழையலாகாது. நுழைவாயிலுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டுப் பிறகே மேலேறவேண்டும். அப்போது மழைநீர் கம்பியின் வழியே ஓடிவந்து அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே புகாது. இத்தகைய சிறு யுக்திகள் காசு கேட்பதில்லை. கவனத்தை மட்டுமே கேட்கின்றன.

இனி உப்பு. சாதாரண இரும்பின்மேல் பூசிய வர்ணம் கடலோரத்தில் நெடுநாள் நிற்காது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு நல்லது; எவர்சில்வரிலும், கடலோரத்துக்கென்றே 2 முதல் 3 சதவிகிதம் மாலிப்டினம் சேர்த்துச் செய்யும் 316 என்னும் ரகம் சிறந்தது. ஆனால் உயர்ந்த போல்ட்டை வாங்கிவிட்டால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. அலுமினியக் குழாயில் எவர்சில்வர் போல்ட்டைத் தடுப்பு எதுவுமின்றி முடுக்கினால், உப்பு ஈரம் இரண்டுக்கும் இடையே ஒரு மின்கலத்தையே உண்டாக்கிவிடுகிறது. அதில் அரிக்கப்படுவது அலுமினியம். போல்ட்டு பளபளவென்று நிற்க, அதைச் சுற்றியுள்ள உலோகம் வெண்பொடியாக உதிர்ந்து, துளை பெரிதாகி, ஒரு நாள் குழாய் கையோடு வந்துவிடும். நடுவே ஒரு நைலான் வாஷர் இருந்திருந்தால் இந்த விபத்து நேராது.

கூரையிலிருந்து தொங்கும் ஒலிபெருக்கிகளின் கதை வேறு. ரயில் நிலையங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் தலைக்கு மேலே தொங்கும் எதுவும், விழுந்தால் கீழே நிற்பவன்மீது விழுகிறது. பசையினால் ஒட்டிய ஆங்கர்கள் எப்படித் துரோகம் செய்யும் என்பதை உலகம் இரண்டு முறை பிரத்தியட்சமாகக் கண்டது. 2006 ஜூலை 10 அன்று அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துச் சுரங்கப் பாதையில் கூரைப் பலகைகள் ஒரு மோட்டார் காரின்மீது விழுந்து ஒரு பெண்மணி மாண்டார். விரைவில் இறுகும் ரகத்துப் பசை, ஓயாத பாரத்தின் கீழ் மெல்ல மெல்ல இளகி நழுவியதே காரணம் என்று விசாரணையில் வெளிப்பட்டது. 2012 டிசம்பர் 2 அன்று ஜப்பானில் ஸஸாகோ சுரங்கப் பாதையில், அவ்வாறே பசையில் நின்ற போல்ட்டுகள் கைவிட்டதால் கூரைப் பலகைகள் வரிசையாகச் சரிந்து ஒன்பது பேர் மாண்டார்கள். அது 1977 முதல் போக்குவரத்து நடந்துவந்த பாதை. தலைக்கு மேலே நிரந்தரமாகத் தொங்குவதற்குப் பசையை நம்பலாகாது என்பதும், எந்தப் போல்ட்டை நம்பினாலும் அது தவறும்போது பிடித்துக்கொள்ள இரண்டாவதாக ஓர் எஃகுக் கம்பி இருக்கவேண்டும் என்பதும் இவற்றிலிருந்து நான் கொள்ளும் தீர்மானங்கள். ஃபால்ஸ் சீலிங்கின் லேசான பலகைமீதே ஒலிபெருக்கியை உட்காரவைத்து, மேலே கான்கிரீட் தளத்தோடு பிணைக்காமல் விட்டுவிடும் வழக்கத்தை நம் ஊர்க் கட்டிடங்களில் ஏராளமாகப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

தீ விபத்திலோ, ஒலிபெருக்கி விழுவதற்கு முன்பே அதற்குச் செல்லும் கம்பி விழுந்துவிடுகிறது. 2010 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் நகரத்து ஷர்லி டவர்ஸ் என்னும் அடுக்குமாடியில் தீயணைக்கச் சென்ற வீரர் இருவர் உயிரிழந்தனர். பிளாஸ்டிக் உறைகளில் கிடந்த மின்கம்பிகள் வெப்பத்தில் உறை இளகியதும் சரிந்து தொங்கி, புகையிருளில் அவர்களைச் சிக்கவைத்தது அங்கே வெளியான கொடுமை. அதன் பிறகு பிரிட்டிஷ் மின் இணைப்பு விதிகள், தப்பிச்செல்லும் வழிகளில் கம்பிகளைத் தீயில் சீக்கிரம் சரியாத பிடிகளால் தாங்கவேண்டும் என்று முதலில் விதித்து, 2018-இல் அதைக் கட்டிடம் முழுவதற்குமே விரித்தன. ஓர் உலோகக் கிளிப்பின் விலை என்ன? அவசர அறிவிப்புக்கான ஒலிபெருக்கிக்குள் பீங்கான் முனையமும் வெப்ப ஃபியூஸும் வைப்பதும் இதே நோக்கத்தினால்தான்: எரிந்துபோகும் ஒரு குழாய் தன் வரிசையிலுள்ள மற்றக் குழாய்களையும் ஊமையாக்கிவிடக் கூடாது.

2011 மார்ச் 11 அன்று சுனாமி நெருங்கியபோது, ஜப்பானின் மினாமிஸன்ரிக்கு ஊரில், அபாயத் தடுப்பு அலுவலகத்தின் ஒலிபெருக்கிகள் மேட்டுக்கு ஓடும்படி ஜனங்களை மன்றாடிக்கொண்டேயிருந்தன. அறிவித்துக்கொண்டிருந்த இளம் பெண் ஊழியர் மீளவில்லை. அந்த மூன்று மாடிக் கட்டிடத்தின் மொட்டைமாடிக்கும் மேலே சமுத்திரம் புரண்டபோது, அங்கே ஏறியிருந்தவர்களில் தப்பிய சிலர், வானொலிக் கம்பத்தையும் படிக்கட்டுக் கைப்பிடியையும் பற்றிக்கொண்டு தப்பினார்கள். அந்தக் கம்பத்தின் அடியில் போல்ட்டு முடுக்கிய தொழிலாளி இதை எண்ணியிருக்கமாட்டான். ஆயினும் அவன் ஒழுங்காக முடுக்கினான். அந்நாட்டு ஊர்கள் பலவற்றில் மாலைதோறும் ஒலிபெருக்கிகளில் ஓர் இன்னிசை ஒலிக்கிறது. பிள்ளைகளை வீட்டுக்கு அழைக்கும் அந்த இசையே, ஒவ்வொரு குழாயும் உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் தினசரிச் சோதனையாகவும் அமைந்துவிடுகிறது.

நம்முடைய கடலோரக் கிராமங்களில் நிற்கும் எச்சரிக்கைக் கம்பங்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஓர் ஆள் ஸ்பானரோடு ஏறி, நட்டுகளை முடுக்கி, துருவைத் துடைத்து, குழாயின் திசையைச் சரிபார்த்து இறங்கவேண்டும். இதை ஐப்பசி மழைக்கு முன்பே, புரட்டாசிக்குள் செய்து முடிக்கவேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஒரு கம்பம் இருக்குமானால், கடைசியாக அதை யார், எந்த மாதத்தில் ஏறிப் பார்த்தார்கள் என்று பஞ்சாயத்தில் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் எழுத்து மூலமாக மனுக் கொடுங்கள்.

(தொடரும்)