நடிகையும் ஒரு தொழிலாளி

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19-ஆம் தேதி கேரள அரசாங்கம் வெளியிட்ட 233 பக்க அறிக்கையில், நம் பேச்சில் அதிகம் அடிபடாத ஒரு விஷயம் இருக்கிறது. வெளிப்புறப் படப்பிடிப்புக்குச் செல்லும் பெண்கள், அங்கே கழிப்பறை இல்லாத காரணத்தால், மணிக்கணக்காகத் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்கிறார்கள். அதன் பயனாகச் சிறுநீர்த் தொற்று முதலிய உபாதைகளுக்கு ஆளாகிறார்கள். உடை மாற்ற வேண்டுமானால் புதர் மறைவையோ பெரிய மரத்தின் பின்புறத்தையோ தேடிப் போய், இருவர் துணியைப் பிடித்துக்கொள்ள, நடுவில் நின்று மாற்றிக்கொள்ள வேண்டும். நட்சத்திரங்களுக்குக் கேரவன் உண்டு; கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும் துணை நடிகை அதன் படியில் கால்வைக்க முடியாது.

ஓய்வுபெற்ற நீதிபதி ஹேமா தலைமையில், பழம்பெரும் நடிகை சாரதாவையும் ஓய்வுபெற்ற ஆட்சிப்பணி அதிகாரி வத்சலா குமாரியையும் உறுப்பினர்களாகக் கொண்டு, மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய 2017-ல் அமைந்த குழுவின் அறிக்கை அது. அவ்வாண்டு பிப்ரவரியில் ஒரு நடிகை ஓடும் காரில் பலாத்காரத்துக்கு ஆளானதும், சக நடிகைகளும் பெண் இயக்குநர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் ஒன்றுகூடிச் 'சினிமாவில் பெண்கள் கூட்டமைப்பு' என்ற ஸ்தாபனத்தைக் கண்டு, முதலமைச்சரை நேரில் சந்தித்து விண்ணப்பித்ததும்தான் குழு பிறந்ததற்குக் காரணம். 2019 டிசம்பர் இறுதியில் அறிக்கை அரசாங்கத்தின் கையில் சேர்ந்தது. நான்கரை ஆண்டுகளுக்கு மேல் அது பெட்டிக்குள் கிடந்து, தகவல் ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகே, பல பகுதிகள் நீக்கப்பட்ட நிலையில், ஜனங்களின் பார்வைக்கு வந்தது.

வந்தவுடன் நாடு முழுவதும் எழுந்த கேள்வி, "யார் யார் பெயர் இருக்கிறது?" என்பதுதான். குற்றம் செய்தவன் யார் என்று அறிய விரும்புவது நியாயமே. ஆயினும், அந்த ஆவலில் அறிக்கையின் உயிர்நாடியான செய்தியை நாம் தவறவிட்டுவிட்டோம் என்பது என் திடமான அபிப்பிராயம். எழுத்துமூலமான ஒப்பந்தம் இல்லை, பேசிய ஊதியம் முழுவதும் கைக்கு வருவதில்லை, துணை நடிகைக்குக் கிடைக்கும் சொற்பக் கூலியிலும் இடைத்தரகருக்குப் பங்கு உண்டு, வேலைக்கு நேரவரம்பு இல்லை என்று அங்கே அடுக்கப்பட்டிருப்பவை எல்லாம் எந்த ஆலையிலும் தொழிற்சங்கம் முதல் நாளே கேட்கக்கூடிய கோரிக்கைகள். மானத்தைப் பற்றிய பிரச்சினையாக மட்டும் இதை நாம் பார்க்கும்வரையில், பாதிக்கப்பட்டவளின் நடத்தையை விசாரிக்கும் வழக்கம் நம்மை விட்டுப் போகாது. தொழிலாளியின் உரிமைப் பிரச்சினையாகப் பார்க்கத் தொடங்கினால், விசாரணைக்கு உரியவர் வேலை கொடுத்தவர் என்பது தானே விளங்கும்.

இந்தப் பார்வையை நம் சட்டத்துக்கு வழங்கியது சினிமா உலகம் அன்று; ராஜஸ்தானத்தின் பட்டேரி கிராமம். குயவர் குலத்தில் பிறந்து, அரசாங்கத்தின் மகளிர் முன்னேற்றத் திட்டத்தில் சிற்றூழியராகப் பணிபுரிந்த பன்வாரி தேவி, 1992-ல், ஒரு வயதுகூட நிரம்பாத பெண்குழந்தைக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைத் தடுக்க முயன்றார். அது அவருடைய கடமை. அதற்காகத்தான் அவருக்கு ஊதியம். அதன்பொருட்டே, வயலில் கணவரோடு வேலை செய்துகொண்டிருந்தபோது, மேல்சாதிக்காரர்கள் கூட்டமாக வந்து அவரைப் பலாத்காரம் செய்தார்கள். கீழ்நீதிமன்றம் 1995-ல் அவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஆனால், உத்தியோகக் கடமையைச் செய்தமைக்காக ஒரு பெண் இக்கதிக்கு ஆளானால் அவளுக்கு யார் பாதுகாப்பு என்ற கேள்வியை 'விசாகா' முதலிய மகளிர் அமைப்புகள் உச்சநீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றன. 1997 ஆகஸ்டு 13-ல் வந்த தீர்ப்பு, பணியிடத்தில் பாலியல் தொல்லையிலிருந்து காப்பது வேலை கொடுப்பவரின் கடமை என்று விதித்தது. 2013-ல் அது சட்டமாயிற்று. பத்துப்பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் ஒரு பெண்ணின் தலைமையில், பாதிக்குக் குறையாமல் பெண்களையும் வெளியார் ஒருவரையும் கொண்ட விசாரணைக் குழு இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பேச்சுவழக்கில் அதை இன்றும் 'விசாகா கமிட்டி' என்றே சொல்கிறோம்.

சினிமாத்துறை இச்சட்டத்துக்கு வெகுகாலம் பிடிகொடுக்கவில்லை. ஒரு படத்துக்காகக் கூடி, படம் முடிந்ததும் கலைந்துவிடும் கூட்டத்தில் வேலை கொடுப்பவர் யார்? மலையாள நடிகர் சங்கம், 'நான் இல்லை' என்றது. மற்றச் சங்கங்களும் கைவிரித்தன. பெண்கள் கூட்டமைப்பின் மனுவின்மீது 2022 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம், ஒவ்வொரு படத்தின் தயாரிப்புக் குழுவும் ஒரு பணியிடமே என்றும், குழு அமைக்கும் பொறுப்பு தயாரிப்பாளரைச் சேர்ந்தது என்றும் தெளிவுபடுத்தியது.

சங்கங்களே தடைக்கல்லாக நின்ற கதையும் உண்டு. பம்பாய்ப் பட உலகில் ஒப்பனைக் கலைஞர் சங்கமொன்று, பெண்கள் சிகை அலங்காரம் செய்யலாமே தவிர முகத்துக்கு ஒப்பனை செய்யலாகாது என்று, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக விதி வைத்திருந்தது. முறைப்படி கலையைக் கற்றுவந்த சாரு குரானா என்ற பெண்மணி வழக்காடி, 2014 நவம்பரில் உச்சநீதிமன்றம் அதை ரத்துச் செய்யும்வரை, கதாநாயகியின் கன்னத்தில் வண்ணம் தீட்டும் வேலைகூட ஆணுக்கே சொந்தமாக இருந்தது.

திரையில் தோன்றும் பெண்ணுருவத்தையும் இதிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. காமிரா உலகத்தை ஆணின் கண்ணாக நின்று பார்க்கிறது, பெண் அங்கே பார்க்கப்படும் பொருளாகவே வைக்கப்படுகிறாள் என்று ஆங்கிலேய அறிஞர் லாரா மல்வி 1975-ல் ஒரு கட்டுரையில் வாதித்தார். அந்தக் காமிராவுக்குப் பின்னே நிற்பவர் யார், முன்னே நிற்பவளுக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் சக்தி உண்டா என்ற கேள்விகளைச் சேர்த்துக் கேட்டால்தான் அந்த வாதம் நமக்கு முழுமையாகப் பயன்படும். 2017 டிசம்பரில், திருவனந்தபுரத்துத் திரைப்பட விழாவில், ஒரு பெரிய நட்சத்திரத்தின் படத்தில் பெண்ணை இழிவு செய்யும் காட்சியை நடிகை பார்வதி கண்டித்தார். கருத்துக்குக் கருத்து சொல்லப்பட்டிருந்தால் குறையில்லை. வசைமாரியும் மிரட்டலும் அல்லவா அவர்மேல் பொழிந்தன! திரையில் பெண்ணை அவமதித்து ஆரவாரம் பெறும் கதாநாயகனும், அதைக் கேள்வி கேட்டவளை அவமதிக்கும் ரசிகனும் ஒரே பள்ளியில் பாடம் படித்தவர்கள்.

அந்தப் பள்ளி புதியதும் அன்று. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' என்ற ஊமைப்படத்தை எடுத்த ஜே. சி. டேனியல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த தமிழர். அதில் கதாநாயகியாக நடித்த பி. கே. ரோஸி, தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். வேடமோ ஒரு நாயர் பெண்ணின் வேடம். உயர்குலப் பெண்ணாக அவர் தோன்றியதைப் பொறுக்காதவர்கள் திருவனந்தபுரத்துக் கொட்டகையில் கல்லெறிந்து கலவரம் செய்தார்கள். ரோஸி உயிர் தப்பி ஓடித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் குடும்பப் பெண்ணாக வாழ்ந்து மறைந்தார். அவர் நடித்த அந்தப் படம் இன்று நமக்குப் பார்க்கக் கிடைப்பதில்லை. டேனியலின் பெயரால் கேரள அரசாங்கம் திரைத்துறையின் உயரிய விருதை வழங்குகிறது. ரோஸியின் பெயரை நிலைநிறுத்தும் திரைப்படக் கழகத்தைத் தொடங்கியதோ, 2019-ல், மேற்சொன்ன பெண்கள் கூட்டமைப்புதான்.

அறிக்கை வெளிவந்த சில நாட்களில் மலையாள நடிகர் சங்கத்தின் நிர்வாகக் குழு முழுவதும் ராஜிநாமாச் செய்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் சுவேதா மேனன் அச்சங்கத்தின் முதல் பெண் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால், அறிக்கையின் அடிப்படையில் பதிவான வழக்குகளில் பல, சாட்சி சொல்ல முன்வருவாரின்றிக் கைவிடப்பட்டன. ஹேமா குழுவின்முன் மூடிய அறையில், பெயர் வெளிவராது என்ற நம்பிக்கையில் பேசிய பெண், நீதிமன்றக் கூண்டில் ஏறினால் அடுத்த படத்தில் தனக்கு வேலை இராது என்பதை அறிவாள். அவளைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதத்து வாடகைக்கு வழியில்லாத ஒருத்தியிடம் தைரியத்தை எதிர்பார்ப்பதற்கு முன், அவளுடைய பிழைப்புக்கு நாம் என்ன உத்தரவாதம் கொடுத்தோம்?

நம் ஊரிலும் 2024 செப்டம்பரில் தென்னிந்திய நடிகர் சங்கம் கூடி, குற்றம் நிரூபணமானவர்களை ஐந்தாண்டுக் காலம் திரைத்தொழிலிலிருந்து விலக்கிவைக்கப் பரிந்துரைப்பதென்று தீர்மானித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால், சங்கத்தில் உறுப்பினராகும் வசதியே இல்லாமல், ஏஜெண்டு சொன்ன இடத்தில் விடியற்காலையில் வேனில் ஏறி வந்து நிற்கும் பெண்களுக்கு அந்தத் தீர்மானம் எட்டுமா என்பது சந்தேகம்.

அவர்களுக்காக, மேற்சொன்ன 2013-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. பத்துப்பேருக்குக் குறைவான இடமானாலும், முதலாளியின்மீதே புகார் ஆனாலும், மாவட்டந்தோறும் அமைக்கப்பட வேண்டிய உள்ளூர்க் குழுவை அணுகலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அதன் விவரம் கேட்டறியலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் அவகாசம் உண்டு. புகார் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. எழுத இயலாதவள் வந்தால், அதை எழுத்தில் தருவதற்கு வேண்டிய எல்லா உதவியையும் குழுவினரே செய்துகொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் விதி.