மனச்சோர்வு மாத்திரை: பாதியில் நிறுத்தலாமா?

 

நமது அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வருபவர்களில் சிலர் தலைவலி, வயிற்றுக் கோளாறு, உடல் அசதி என்று சொல்லி ஒரு கட்டு ரிப்போர்ட்டுகளைக் காட்டுவார்கள். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருக்கும். ஆறுதலாக உட்காரவைத்துக் கேட்டால், உறக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, தொழ நின்றால் அழுகை வருகிறது என்பார்கள். அப்படி வந்த ஒரு சகோதரியை மனநல மருத்துவரிடம் அனுப்பினோம். ஆறு நாள் மாத்திரை சாப்பிட்டார், குமட்டல் வந்தது. "மூளையைக் கெடுக்கும் மருந்து" என்று வீட்டில் சொல்ல, நிறுத்திவிட்டார். மூன்று மாதம் கழித்து, முன்னிலும் மோசமான நிலையில் அவரை அழைத்து வந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஈமான் குறைவா?

மகனைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்கள் கண்பார்வை இழந்ததைக் குர்ஆன் சொல்கிறது. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாவல் தேடும் துஆவை நபி (ஸல்) அவர்கள் ஓதியிருக்கிறார்கள். துக்கப்படுவது ஈமான் இல்லாததன் அடையாளம் அல்ல. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணமின்றி வரும் துக்கம் வேறு என்று பிரித்தார். பின்னதற்கு உடலுக்கான வைத்தியமும் வேண்டும் என்றார். இன்றைய மருத்துவர்கள், இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு, உறக்கம், பசி, வேலை எல்லாம் கெட்டிருந்தால் மனச்சோர்வு நோயா என்று பார்க்கிறார்கள். துஆவும் தொழுகையும் தொடரட்டும், மருந்தும் தொடரட்டும்.

முதலில் தொல்லை, பிறகு பலன்

எஸிடலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெடின் போன்ற மாத்திரைகளின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முழுப் பலனுக்கு இன்னும் சில வாரம் பிடிக்கும். பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலர் நிறுத்துவது இந்த இடைவெளியில்தான்.

குமட்டல், தலைவலி, லேசான படபடப்பு ஆகியவை பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தணியும். சாப்பிட்ட பிறகு மாத்திரை போட்டால் குமட்டல் குறையும். சில மாத்திரைகள் உறக்கத்தைக் கெடுக்கும். சில அதிக உறக்கம் தரும். பஜ்ருக்கு எழ முடியாமல் போனால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை நேரத்தையோ அளவையோ மாற்றித் தருவார். வாய் உலர்ந்தால் அடிக்கடி கொஞ்சம் தண்ணீர் குடிக்கலாம். மலச்சிக்கலுக்குக் காய்கறி, பழம், நடை உதவும்.

இல்லறத்தில் நாட்டம் குறைவதும் உண்டு. வெட்கப்பட்டு இதை மறைத்து, மாத்திரையை ரகசியமாக நிறுத்துபவர்கள் பலர். இதற்கும் மாற்று மருந்து உண்டு. மருத்துவரிடம் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், அடங்காத பதற்றம், உறக்கமே தேவைப்படாத அளவு திடீர் உற்சாகம் ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குறிப்பாக 25 வயதுக்குட்பட்டவர்களை முதல் சில வாரங்கள் வீட்டார் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறுத்துவதற்கும் முறை உண்டு

இவை போதை மாத்திரைகள் அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்ந்தது போன்ற உணர்வு வரலாம். உடல் மருந்துக்குப் பழகியிருப்பதால் வருவது இது. குணமான பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். நாமாகக் குறைக்கக் கூடாது.

ரமளானில்

தினம் ஒருவேளை மாத்திரையை இஃப்தாருக்குப் பிறகோ ஸஹரிலோ எடுக்கும்படி மாற்ற முடியும். ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரைக் கேளுங்கள். லித்தியம் சாப்பிடுபவர்கள் கேட்காமல் நோன்பு வைக்கவே கூடாது. உடலில் நீர் குறைந்தால் அந்த மருந்து ரத்தத்தில் அளவு மீறும். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதில் குற்ற உணர்வு வேண்டாம்.

வீட்டாருக்கு

"சபர் செய்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், மாத்திரை நேரத்தை நினைவூட்டுங்கள், மருத்துவரிடம் கூடவே போங்கள். மருந்தை நிறுத்தாத வரை, ஓதிப் பார்ப்பதால் சிகிச்சைக்குத் தடையில்லை.

அந்தச் சகோதரி மறுபடி மாத்திரை தொடங்கினார். இம்முறை குமட்டல் வந்தபோது அவர் மகன் மருத்துவருக்குப் போன் செய்தான். அளவைக் குறைத்து மெதுவாகக் கூட்டினார்கள். அல்ஹம்துலில்லாஹ், இப்போது அவரே சமைக்கிறார்.

அரசின் டெலிமானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். மருந்துச் செலவுக்குச் சிரமப்படுவோர் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். விவரம் வெளியே போகாது.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.

செயலாளர்