ஓணத்துக்கு விதைக்கும் மலை

வட்டவடையின் படிக்கட்டு வயல்களில் விளையும் காய்கறி கேரளத்தின் பண்டிகை இலைக்குப் போகிறது. ஆனால் விதைக்கிற மாதத்தில் பணம் தருபவர் யாரோ, அவரே அறுவடை மாதத்தில் விலையைச் சொல்கிறார்.

மாட்டுப்பட்டி அணைக்குப் போகும் சாலையோரக் கடைகளில் இலை கழிக்காத கேரட் கட்டுக்கட்டாகத் தொங்குகிறது. பக்கத்தில் அவித்த சோளம், அன்னாசிக் கீற்று. இந்தக் கடைகளின் மிகப் பிரபலமான வாடிக்கையாளர் காசு கொடுப்பதில்லை. ரஜினிகாந்தின் 1999-ம் வருடப் படத்தின் பெயரைச் சுமந்து திரியும் ‘படையப்பா’ என்ற கொம்பன் யானை கடைக்குள் தும்பிக்கையை நீட்டிய கதை மூணாறில் குழந்தைக்கும் தெரியும். காசு கொடுத்து வாங்கும் சுற்றுலாப் பயணிகளோ கேரட்டைக் கடித்தபடி படகுத்துறைப் பக்கம் நடந்துவிடுகிறார்கள். இந்த மலையில் காய்கறி எங்கே விளைகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

கேட்பவர்கள் அதே சாலையில் மேலே போக வேண்டும். குண்டளை, எல்லப்பட்டி, டாப் ஸ்டேஷன், பாம்பாடும் சோலை என்று தேயிலையும் சோலைக்காடும் மாறி மாறி வந்து, பிறகு சாலை சட்டென்று இறங்குகிறது. எதிர்ச் சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள். கேரட் பச்சை ஒரு படி, முட்டைகோஸ் சாம்பல் பச்சை ஒரு படி, கிளறிப் போட்ட செம்மண் ஒரு படி. இதுதான் வட்டவடை. மூணாறிலிருந்து சுமார் 45 கி.மீ. இடுக்கி மாவட்டம், தேவிகுளம் தாலுகாவைச் சேர்ந்த ஊராட்சி.

கோவிலூர், கொட்டாக்கம்பூர், பழத்தோட்டம், சிலந்தியாறு: ஊர்ப் பெயர்களே பேச்சு மொழி எதுவென்று சொல்லிவிடுகின்றன. பல தலைமுறைக்கு முன் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது இங்குள்ள விவசாயக் குடும்பங்களின் செவிவழி வரலாறு. அவர்களுக்கும் முன்பிருந்தே காட்டை அறிந்த முதுவர்களின் குடிகளும் இந்த ஊராட்சிக்குள் உண்டு. அரசு கேரள அரசு, அலுவலகக் காகிதம் பெரும்பாலும் மலையாளம். விலை பேசுவது மட்டும் தமிழில்.

பின்னோக்கி எண்ணும் நாள்காட்டி

மலைச்சரிவில் ஒரு காலத்தில் கேழ்வரகும் கோதுமையும் நெல்லும் பயிரிட்டார்கள். இன்று இங்கே வருடத்தின் பெரிய நாள் திருவோணம். சிங்க மாதத்துத் திருவோண நட்சத்திரம் ஆகஸ்டின் பின்பாதியில் வரலாம், செப்டம்பரில் வரலாம். 2018-ல் ஆகஸ்ட் 25. 2025-ல் செப்டம்பர் 5. விவசாயி அந்த நாளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி எண்ண வேண்டும். பூண்டுக்குச் சுமார் நான்கு மாதம். உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் மூன்று மாதத்துக்கு மேல். முட்டைகோசுக்கு மூன்று மாதத்துக்குள். பீன்ஸுக்கு இரண்டு மாதம் போதும். ஆக மே மாதத்தில் பூண்டு மண்ணுக்குள் போயாக வேண்டும். ஜூலைத் தொடக்கத்தில் பீன்ஸ் விதை. பத்து நாள் பிந்தினால் காய் வரும், விலை வராது. பண்டிகை முடிந்த மறுநாளே அவியலுக்கும் தோரனுக்கும் ஆளில்லை.

இந்த நான்கு மாத வேலையில் இயந்திரத்துக்கு அதிக இடமில்லை. ஓர் ஆள் உயரப் படி மேல் படியாக நிற்கும் வயலில் டிராக்டர் எங்கே ஏறும்? மண்வெட்டியால் கிளறி, கட்டி உடைத்து, மழைத் தண்ணீர் படி தாண்டி ஓடாதபடி வரப்பைச் செப்பனிடுவது முதல் வேலை. பிறகு கேரட் நாற்றைக் கலைத்துவிடுவது, களை பறிப்பது, கிழங்குக்கு மண் அணைப்பது. இதில் பெரும்பகுதி பெண்களின் கையில். அறுவடையில் பூண்டைத் தாளோடு பிடுங்கி, நிழலில் உலர்த்தி, கட்டுக் கட்டி, அடுத்த பருவத்து விதைப்பூண்டைப் பத்திரமாக எடுத்துவைக்க வேண்டும். அடுப்புப் புகை படுகிற பரணில் கட்டிவைத்தால் பூண்டு கெடாது என்பது மலைக்காரர்களின் பழைய கணக்கு. மூட்டைகள் ஜீப் நிற்கிற இடம்வரை தலைச்சுமையாகவே வருகின்றன.

பயிரை மாற்றி மாற்றிப் போடுவதிலும் கணக்கு இருக்கிறது. உருளைக்கிழங்கையே திரும்பத் திரும்ப நட்ட நீலகிரியில் 1961-ல் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழுவின் கூடுகள் மண்ணுக்குள் பல வருடம் உயிரோடு கிடக்கும். கிழங்குச் செடியின் வேர் வந்ததும் விழித்துக்கொள்ளும். அதற்கு நிபுணர்கள் சொல்லும் மருந்துகளில் முக்கியமானது, கிழங்குக்குப் பின் கேரட், கோஸ், பூண்டு, பீன்ஸ் என்று வேறு பயிர் வைத்து அதைப் பட்டினி போடுவதுதான். பீன்ஸ் தன் வேர் முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்தையும் சேர்க்கிறது. சின்னப் படிகளில் ஐந்து விதமாகப் பயிரிடும் விவசாயிக்கு இது இயல்பாகவே கைவருகிறது. ஒரே வியாபாரிக்கு ஒரே காயை லாரிக் கணக்கில் கொடுக்க ஒப்புக்கொண்டவருக்கு வராது.

அதற்காக வட்டவடை முழுவதும் இயற்கை விவசாயம் என்று யாராவது சொன்னால் அது விளம்பரம். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இங்கேயும் மலையேறின. கேரள அரசு இயற்கை வேளாண்மைக் கொள்கையை 2010-ல் அறிவித்தது. கொள்கை மலையேற வேண்டுமானால் முதலில் சாணம் மலையேற வேண்டும். மாட்டுப்பட்டி என்ற பெயரே மாடு அடைக்கும் இடத்தைச் சொல்வது. சுவிட்சர்லாந்து உதவியோடு 1963-ல் தொடங்கிய கால்நடைத் திட்டத்துக்கு அதுவே தளமாயிற்று. பிரவுன் சுவிஸ் காளைகளை நாட்டுப் பசுக்களோடு கலந்து கேரளத்துக்கு ‘சுனந்தினி’ இனம் கிடைத்தது இந்தத் திட்டத்தின் வழியாகத்தான். பால் பெருக வழி பிறந்தது. ஆனால் கொட்டிலில் மாடு இல்லாத காய்கறிக்காரர் உரமூட்டையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. உரமூட்டை கடனோடு வருகிறது.

ஒரே கை இரண்டு முறை

மே, ஜூன் மாதங்களில் விவசாயியிடம் காசு இருக்காது. விதை, உரம், கூலி மூன்றும் அப்போதுதான் வேண்டும். தமிழ்நாட்டுச் சந்தைகளோடு தொடர்புள்ள வியாபாரிகளும் இடைத்தரகர்களும் முன்பணம் தருகிறார்கள். காகிதம் கேட்பதில்லை, இரவு ஒன்பது மணிக்குப் போனாலும் தருவார்கள். விளைந்ததைத் தங்களிடமே போட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. விலையை அறுவடையன்று அவர்கள் சொல்வார்கள். இங்கிருந்து இறங்கும் காய், தமிழ்நாட்டு மொத்தச் சந்தை வழியாகச் சுற்றி மறுபடி கேரளத்துக்கே கூடுதல் விலையில் ஏறுவதும் உண்டு.

வங்கிக்கு ஏன் போகக் கூடாது? வங்கி பட்டா கேட்கும். வட்டவடை, கொட்டாக்கம்பூர் நிலங்களின் உரிமைச் சிக்கல் நீண்ட கதை. நீலக்குறிஞ்சி பூத்த 2006-ல், இந்த இரு கிராமங்களிலுமாகச் சுமார் 3,200 ஹெக்டேர் குறிஞ்சிமலைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த எல்லைக்குள் பயிர் செய்யும் குடும்பங்களும் இருந்தன. போலிப் பத்திரத்தில் நிலம் சேர்த்த வெளியூர்ப் பணக்காரர்கள் மீதான புகார்களும் இருந்தன. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. உண்மையான விவசாயியின் காகிதமும் சந்தேகத்துக்குரிய காகிதமும் ஒரே மேசையில் காத்துக் கிடந்தன. நிலத்தை விட்டு வெளியூர் போனவர்கள் பலர் கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் மரத்தை நட்டுவைத்தார்கள். அதற்குக் களை பறிக்க வேண்டாம், கூலி தேட வேண்டாம், ஓணத்தை எண்ண வேண்டாம். ஆனால் ஊற்றுகள் வற்றியதற்கு இந்த மரங்களே காரணம் என்பது கீழ்ப்படிக் காய்கறிக்காரர்களின் நெடுநாள் புகார்.

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. பண்டிகைக்கு முன் ஹார்ட்டிகார்ப் நிறுவனம் வட்டவடை, காந்தளூர் விளைச்சலை நேரடியாக வாங்குகிறது. அதன் வண்டி வந்தாலே வியாபாரி சொல்லும் விலை கொஞ்சம் உயர்கிறது. ஆனால் கொடுத்த காய்க்குப் பணம் மாதக்கணக்கில் நிலுவையாக நின்றதாகப் பல ஓணங்களுக்குப் பின் புகார் எழுந்திருக்கிறது. 2020 நவம்பர் 1 முதல் கேரளம் 16 விளைபொருட்களுக்கு அடிப்படை விலை அறிவித்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் என்பது சூத்திரம். அப்போது கிலோ கேரட்டுக்கு ரூ. 21, கோஸுக்கு ரூ. 11, உருளைக்கிழங்குக்கு ரூ. 20, பூண்டுக்கு ரூ. 139. இந்தியாவில் ஒரு மாநிலம் காய்கறிக்கு இப்படி வரம்பு கட்டியது புதுமை. காந்தளூர் - வட்டவடைப் பூண்டுக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது; பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியின் ஆட்டுக்கொம்பு அவரையும் துவரையும் அதே சமயத்தில் பெற்றன. இவை எல்லாமே நல்ல ஏற்பாடுகள். எல்லாமே அறுவடைக்குப் பின் வருகிறவை. மே மாதத்து வெறும் கைக்கு இவற்றில் ஒன்றும் எட்டுவதில்லை.

இங்கேதான் அதே சுவிட்சர்லாந்திலிருந்து வேறொரு பாடம். ஜெனீவாவில் 1978-ல் ‘கொக்கான் தோட்டங்கள்’ என்ற கூட்டுறவுப் பண்ணை தொடங்கியது. நகரத்துக் குடும்பங்கள் வருடத் தொடக்கத்திலேயே தங்கள் பங்குப் பணத்தைக் கட்டிவிடுகின்றன. வாராவாரம் காய்கறிப் பை வருகிறது. வருடத்தில் சில அரைநாள் வயல் வேலைக்கும் போகிறார்கள். ஆலங்கட்டி மழை பெய்தால் பை இளைக்கும். பணம் திரும்பாது. நஷ்டம் பண்ணைக்காரர் தலையில் மட்டும் விழாமல் சாப்பிடுகிற எல்லோர் மேலும் பரவுகிறது. ஜப்பானில் 1970-களிலேயே இல்லத்தரசிகள் இதே போல விவசாயிகளோடு நேரடி ஒப்பந்தம் செய்து ‘தெய்கெய்’ என்ற முறையை வளர்த்திருந்தார்கள்.

நஷ்டத்தைப் பகிர்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று 2018 ஆகஸ்டில் தெரிந்தது. ஓணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் வந்தது பெருவெள்ளம். மலைச்சாலைகள் உடைந்தன, மூணாறு துண்டிக்கப்பட்டது, அரசு ஓண விழாக்களை ரத்து செய்தது. அந்த நாளுக்கென்றே எண்ணி விளைவித்த கோஸும் பீன்ஸும் யாருக்காகவும் காத்திருக்காது. காய் அழுகினாலும் முன்பணம் அழுகுவதில்லை. அடுத்த பருவத்துக் கணக்கில் ஏறிவிடும்.

ஜெனீவா தூரம் என்பவர்களுக்கு ஆலப்புழை பக்கம். சேர்த்தலை அருகே கஞ்சிக்குழி ஊராட்சி 1990-களின் நடுவிலேயே, சொரிமணலில் வீட்டுக்கு வீடு காய்கறி போட வைத்து, கோழி எருவும் சாணமும் இட்டு, தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ளும் ஊராகப் பெயரெடுத்தது. சாலையோரத்திலேயே விற்பனை; வாங்குகிறவர் வயலைப் பார்த்தபடி வாங்குகிறார். 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ இதை மாநிலம் முழுவதற்கும் விரித்தது. சில பெண்கள் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்துக் குத்தகை நிலத்தில் பயிரிடுகிறார்கள். வங்கி அவர்களிடம் சொத்தை ஈடாகக் கேட்பதில்லை. ஒருத்தி கடனுக்கு மற்றவர்கள் பொறுப்பு என்ற வாக்குறுதியே ஈடு. பட்டா இல்லாத மலைக்கு இதைவிடப் பொருத்தமான திறவுகோல் வேறில்லை.

வட்டவடைக்குத் தேவையானது இந்த இரண்டின் சேர்க்கை. மூணாறில் ஆயிரக்கணக்கான தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கின்றன. ஓட்டல்களும் தங்கும் விடுதிகளும் வருடம் முழுவதும் காய்கறி வாங்குகின்றன. இவர்களின் சமையலறை ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கும்போது, கேரட் மலையிறங்கிச் சந்தை சுற்றி வர வேண்டியதில்லை. விடுதிகள் ஓணத்துக்கு முன் தரப்போகும் பணத்தில் ஒரு பகுதியை மே மாதத்திலேயே குழுக்களிடம் தந்தால், வருடம் முழுவதும் ஐந்து விதக் காய் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பயிரை மாற்றிப் போடும் பழைய பழக்கமும் பிழைக்கும். ஒரு நாள் பண்டிகையின் மேல் வைக்கும் சூதாட்டமும் குறையும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். வாங்குகிறவர் நான்கு மாதம் முந்திக்கொண்டால் போதும்.

ஓணம் முடிந்ததும் மலையில் ஓய்வு இல்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பி அடுத்த பயிர் போட வேண்டும். படிகளை மறுபடி கிளறுகிறார்கள், பரணிலிருந்து விதைப்பூண்டை இறக்குகிறார்கள். பழைய கடன் தீர்ந்ததா என்று பார்க்கும் முன்பே உரக்கடைக்கு ஆள் போயாக வேண்டும். அந்த வாரத்தில் விவசாயி யாருடைய வாசலில் போய் நிற்கிறாரோ, ஜனவரியில் கேரட்டின் விலை அங்கேதான் முடிவாகும்.