"இஃப்" வந்தால் கொஞ்சம் நிற்க வேண்டும்



போன மாதம் ஒரு தாய் ஆங்கிலக் கடிதம் ஒன்றோடு என்னிடம் வந்தார். மகளின் விண்ணப்பத்துக்கு வந்த பதில் அது. ஓ.எல். படிக்கும் மகன் வாசித்துப் பார்த்து, "பிறப்புச் சான்றிதழ் அனுப்பினா விண்ணப்பம் ரத்தாம்" என்று சொல்லியிருக்கிறான். அவரும் அனுப்பாமல் இருந்து விட்டார். அங்கே இருந்த சொல் "அன்லெஸ்". அதாவது, அனுப்பாவிட்டால்தான் ரத்து! கடைசித் திகதிக்கு இன்னும் இரண்டே நாள். அன்றைக்கே பதிவுத் தபாலில் போட்டோம்.

நம்ம பாஷையிலே வினைச்சொல்லின் வாலில் "ஆல்" ஒட்டினால் நிபந்தனை ஆகிவிடும். ஆங்கிலத்திலே "இஃப்" என்று தனிச்சொல் வரும்.

"இஃப் இட் ரெயின்ஸ், வீ வில் ஸ்டே ஹோம்." மழை பெய்தால் வீட்டில் இருப்போம். மழை இனிமேல்தான் வரும் என்றாலும், "இஃப்" உள்ள பாதியிலே "வில்" போடுவதில்லை. நம் பிள்ளைகள் அதிகம் பிழை விடுவது இங்கேதான்.

"இஃப் ஐ ஹேட் எ கவ், ஐ வுட் செல் மில்க்." மாடு இருந்தால் பால் விற்பேன். "ஹேட்" இறந்தகாலமாச்சே, முன்பு மாடு இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. இன்றைக்கு மாடு இல்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. தமிழிலும் "இருந்தால்" என்பதற்குள்ளே "இருந்த" ஒளிந்திருக்கிறது, பாருங்கள்.

முடிந்துபோன காரியத்துக்கு, "இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்." சொல்லியிருந்தால் வந்திருப்பேன். சொல்லவுமில்லை, வரவுமில்லை.

"ஒன்லி இஃப்" என்றால் நம்முடைய "ஆல்தான்". 2013ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்திலே அடிப்படைச் சம்பளம் 450 ரூபாய். வருகைக்கு மேலதிகமாக 140 ரூபாய். ஆனால் வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்தால்தான் அந்த 140. (2019 ஒப்பந்தத்தில் இந்தக் கொடுப்பனவே எடுபட்டுப் போய்விட்டது.) அந்தத் "தான்" எத்தனை பேருடைய சம்பளத்தைக் குறைத்தது என்று உங்களுக்கே தெரியும்.

இனி "அன்லெஸ்". அதற்குள்ளே "இஃப்"பும் இருக்கிறது, "நொட்"டும் இருக்கிறது. "அன்லெஸ் யூ சைன்" என்றால் "இஃப் யூ டு நொட் சைன்", கையெழுத்துப் போடாவிட்டால். எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் பென்சிலால் "இஃப்", "அன்லெஸ்" இரண்டுக்கும் வட்டம் போடுங்கள். "அன்லெஸ்" இருக்கும் இடத்திலே "விட்டால்" என்று சேர்த்து, வசனத்தை மறுபடியும் சத்தமாக வாசியுங்கள்.