ஒளி சுமந்தவர்கள் – 9: செல்லா சென்ற மலை

1899 செப்டம்பர் பிற்பாதியில் பெய்த பேய்மழை டார்ஜிலிங்கின் சரிவுகளைப் பெயர்த்தெடுத்தது. வீடுகளோடு மனிதர்களும் மண்ணுக்குள் போனார்கள். அதே புயல் வடக்கே, சிக்கிமின் ஜெமு பனியாற்றில், பனியாக இறங்கியது. அங்கே கூடாரம் போட்டிருந்தது டக்ளஸ் ஃப்ரெஷ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயரின் குழு. கஞ்சன்ஜங்காவை முழுதாக ஒரு சுற்று சுற்றிவருவது அவர்கள் திட்டம். கிரிவலம்தான், என்ன, வழியில் ஆறாயிரம் மீட்டருக்கு மேல் ஒரு கணவாயைத் தாண்ட வேண்டும்.

நடப்பவர்களுக்கு அந்தப் பனி பெரும் தொல்லை. ஆனால் அந்தக் குழுவில் புகைப்படக்காரர் விட்டோரியோ செல்லாவும் இருந்தார். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், மனிதர் செல்லாத மலை குறைவு. இத்தாலியின் பியெல்லாவில் 1859-ல் பிறந்தவர். 1882-ல், குளிர்காலத்தில், மேட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலில் ஏறிக் கடந்தவர்களில் ஒருவர். அப்பா புகைப்படக் கலை பற்றிப் புத்தகமே எழுதியவர்.

செல்லா தொடங்கிய காலத்தில் தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே கழுவியாக வேண்டும். தண்ணீரே உறைந்துபோகும் மலையில் இதை யோசித்துப் பாருங்கள்! நல்லவேளை, உலர்தகடு வந்தது. ஆனால் சுமை குறையவில்லை. ஆல்ப்ஸில் அவர் பயன்படுத்திய 30×40 செ.மீ. கண்ணாடித் தகடு ஒன்றே கிட்டத்தட்ட ஒரு கிலோ. ஒரு தகட்டுக்கு ஒரே படம். கால் இடறினால் அதுவும் இல்லை.

ஜெமுவில் புயல் ஓய்ந்ததும் எதிரே சினியோல்ச்சு நின்றது. 6,888 மீட்டர். புதுப்பனி அதன் சரிவுகளில் புடவை மடிப்புபோல வரிவரியாக ஒட்டியிருந்தது. செல்லா எடுத்த படத்தில் அந்த மடிப்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

இது எவ்வளவு கடினம் என்பது பனியைப் படமெடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் பனி அழுக்கு வேட்டிபோலச் சாம்பல் பூத்திருக்கும். கேமராவின் மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் என்றே நம்புகிறது. வெள்ளை வெளேரென்ற பனியைக் காட்டினால் ‘வெளிச்சம் அதிகம்’ என்று குறைத்துவிடும். நாம்தான் வெளிச்சத்தை ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும். கொஞ்சம் அதிகமாகிவிட்டாலும் மடிப்பெல்லாம் கரைந்து வெறும் காகிதம் மிஞ்சும். மேகம் மூடிய நாளில் நிழலே விழாது, பள்ளமும் மேடும் ஒன்றாகத் தெரியும். பக்கவாட்டில் சாய்ந்து வரும் காலை, மாலை வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். குளிரில் காத்திருப்பதுதான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி என்பேன்.

பாட்டரியைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்வது, கூடாரத்துக்குள் நுழையும் முன் கேமராவை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிவிடுவது (இல்லாவிட்டால் ஐஸ் மோர் டம்ளர்போல வியர்த்துவிடும்) எல்லாம் நம் காலத்துக் கவலைகள். செல்லாவின் கேமராவுக்கு பாட்டரி கிடையாது. தானாகக் கணக்குப் போடும் மீட்டரும் கிடையாது. அந்தப் பனி எவ்வளவு வெள்ளை என்பதை அவரேதான் முடிவு செய்தார்.

சினியோல்ச்சுவின் உச்சியில் மனிதக் கால் பட்டது 1936-ல். படம் அதற்கு 37 ஆண்டு முந்தியது.

அடுத்த வாரம்: 1909, ஐம்பது வயது செல்லா, கே2.

(தொடரும்)