நீர்மூழ்கியிலிருந்து சர்வர் கூடத்துக்கு

2024 ஜூலை 10, மாலை நேரம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 230 கிலோவோல்ட் மின்தடம் ஒன்றில் இருந்த இடிதாங்கிக் கருவி கெட்டுப்போனது. மின்துறைக்காரர்களுக்கு இது அன்றாடச் சங்கதி. கிளை உரசினாலும் இடி விழுந்தாலும் மின்தடம் சட்டென்று தன்னைத் துண்டித்துக்கொள்ளும். பழுது விலகிவிட்டதா என்று பார்க்க, சில நொடிகள் கழித்துத் தானாகவே இணைந்து பார்க்கும். அன்றைய பழுது விலகுகிற பழுது இல்லை. தடத்தின் இரு முனைகளிலும் மறு இணைப்பு திரும்பத் திரும்பத் தோற்றது. 82 நொடிகளுக்குள் ஆறு முறை மின்னழுத்தம் விழுந்து எழுந்தது. அந்த இடைவெளியில் 1,500 மெகாவாட் மின்தொகுப்பிலிருந்து காணாமல் போயிற்று.

போனது உற்பத்தி அல்ல, நுகர்வு. ஒரு மின்நிலையம் நின்றுபோனால் என்ன செய்வது என்று தொகுப்பை இயக்குபவர்களுக்கு மனப்பாடம். ஒரு நகரம் அளவுக்கு மின்சாரம் இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே நேரத்தில் கையை விட்டுவிட்டால்? மேட்டில் பாரவண்டி இழுக்கும் மாட்டுக்குப் பின்னால் நுகத்தடி கழன்றுகொண்டது போலத்தான். அதிர்வெண் ஏறியது, மின்னழுத்தமும் ஏறியது. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் மின்தேக்கிகளைத் துண்டித்து அழுத்தத்தைக் கீழே கொண்டுவந்தார்கள்.

கையை விட்டவை சுமார் 60 டேட்டா சென்டர்கள். அவற்றின் யுபிஎஸ் கருவிகள் சிலவற்றில் ஓர் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது: ஒரு நிமிடத்துக்குள் மூன்று முறை வெளி மின்சாரம் தடுமாறினால் இனி அதை நம்பாதே, சொந்த ஜெனரேட்டருக்குப் போய்விடு. கருவிகள் சொன்னபடி செய்தன. உள்ளே ஒரு சர்வரும் அணையவில்லை என்பதால், கட்டடத்தின் கணக்கில் அது வெற்றி. ஆனால் வெளித் தொகுப்புக்குத் தானாகத் திரும்பிவர அவற்றுக்குத் தெரியாது. ஆள் போய், நிலவரம் பார்த்து, கையால்தான் மாற்ற வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் ஆனது.

அந்த ஆள் யார் என்பதுதான் இந்தக் கட்டுரை.

டேட்டா சென்டர் என்றதும் நம் மனதில் வருவது நீல வெளிச்சத்தில் கணினி வரிசைகளும், கீபோர்டின் முன்னால் ஒரு பொறியாளரும். உண்மையில் அது முதலில் ஒரு மின்நிலையம், அப்புறம் ஒரு குளிர்பதன ஆலை, அதற்கப்புறம்தான் கணினிக்கூடம். உயரழுத்த மின்சாரம் வளாகத்துத் துணைமின் நிலையத்தில் இறங்குகிறது. மின்மாற்றிகளில் படிப்படியாகத் தாழ்ந்து, ஆளுயர சுவிட்ச் கியர் பெட்டிகளைக் கடந்து, யுபிஎஸ்ஸுக்குள் நுழைகிறது. அங்கே மாறுமின்சாரம் நேர்மின்சாரமாகி, மறுபடி மாறுமின்சாரமாக வெளிவருகிறது. பக்கத்தில் பேட்டரி வரிசை. வெளி மின்சாரம் நின்றால் பேட்டரி தாங்குவது சில நிமிடங்கள்தான். அது போதும், ஏனென்றால் டீசல் ஜெனரேட்டர்கள் பத்துப் பதினைந்து நொடிகளில் எழுந்து பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். பல கட்டடங்களில் இந்தப் பாதை முழுவதும் இரட்டையாக இருக்கும். ஒன்றைக் கழற்றிப் பராமரிக்கும்போது மற்றது சுமக்கும்.

பேராபத்து ஒளிந்திருப்பது இந்த 'கழற்றிப் பராமரிக்கும்' நேரத்தில்தான். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்து, நூற்றுக்கணக்கான அரசுச் சேவைகள் முடங்கின. இத்துறையில் நடக்கும் தடங்கல்களை ஆண்டுதோறும் ஆராயும் அப்டைம் இன்ஸ்டிட்யூட்டும் இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பெரிய தடங்கல்களுக்கு முதல் காரணம் மின்சாரம். மனிதத் தவறு என்று எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி, எழுதிவைத்த செயல்முறையைப் பின்பற்றாததால் வருவது.

ஆகவே இந்தத் தொழிலுக்கு ஒரு விசேஷமான ஆள் தேவை. ஆண்டு முழுவதும் ஒன்றுமே நடக்காத கட்டடத்தில், மணிக்கொருமுறை அளவுகளைப் பார்த்து ஏட்டில் குறிப்பவர். நடுநிசி ஷிஃப்டிலும் காகிதத்தில் உள்ள 14ஆம் படியைத் தாண்டி 15ஐத் தொடாதவர். சுவிட்ச் கியர் முன்னால் இருவராக நின்று, ஒருவர் படித்துச் சொல்ல, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கைப்பிடியைத் தொடுவது என்ற ஒழுங்கில் சலிப்பு தட்டாதவர். கல்லூரிகள் இப்படிப்பட்டவரைத் தயாரிப்பதில்லை. அமெரிக்கக் கடற்படை தயாரிக்கிறது.

அணுசக்தியில் ஓடும் முதல் நீர்மூழ்கியான நாட்டிலஸ் 1954இல் நீரில் இறக்கப்பட்டது. அதன் பின்னால் இருந்தவர் கடற்படை அதிகாரி ஹைமன் ரிக்கோவர். அதிகாரியாகச் சேர வருகிறவர்களைத் தானே நேர்காணல் செய்வார். முன்கால்கள் வெட்டிக் குட்டையாக்கப்பட்ட நாற்காலியில் உட்காரவைத்து, சறுக்கிக்கொண்டே பதில் சொல்லவைப்பார் என்று பெயர் வாங்கியவர். அவர் உண்டாக்கிய பயிற்சி முறை இன்றும் தெற்குக் கரோலினாவின் கூஸ் கிரீக்கில் நடக்கிறது. பள்ளிப்படிப்பு முடித்துவிட்டு வரும் இளைஞர்களும் யுவதிகளும் ஏறக்குறைய ஆறு மாதம் வகுப்பறையில் கணிதம், இயற்பியல், உலை இயக்கம் படிக்கிறார்கள். இன்னும் ஓர் ஆறு மாதம் உண்மையான பயிற்சி உலையில் காவல் நிற்கிறார்கள். மின்பணியாளர், இயந்திரப் பணியாளர், மின்னணுப் பணியாளர் என்று மூன்று கிளைகள். பிறகு கடலுக்கடியில் பல மாதங்கள். மின்னாக்கி, பேட்டரி, டீசல் எஞ்சின், பம்பு, குளிர்நீர், சுவிட்ச் போர்டு எல்லாம் ஒரே எஃகுக் குழாய்க்குள். வெளியே போய் எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவர முடியாது. இருபத்தைந்து வயதில் பணி முடித்து வரும் அந்த மாலுமியை டேட்டா சென்டர் நிறுவனங்கள் ஏன் வாசலிலேயே காத்திருந்து பிடிக்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

எல்லா ராணுவத்தினரும் அணுமாலுமிகள் அல்லர். ஆண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் பேர் அமெரிக்கப் படைகளை விட்டு வருகிறார்கள். விமானப்படையில் ஜெனரேட்டர் பார்த்தவர், தரைப்படையில் தொலைத்தொடர்பு பார்த்தவர், வெறுமனே டாங்கி ஓட்டியவர் என்று பல வகை. அவர்களின் பெரிய சிக்கல் திறமையில் இல்லை, பயோடேட்டாவில் இருக்கிறது. படைக்குள் புழங்கும் பதவிச் சுருக்கெழுத்துகள் மனிதவள அதிகாரிக்குப் புரிவதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப ஸ்கில்பிரிட்ஜ் என்ற பாதுகாப்புத் துறைத் திட்டம் உண்டு. பணியின் கடைசி 180 நாட்கள் வரை ஒரு வீரர் தனியார் நிறுவனத்தில் வேலை பழகலாம், சம்பளத்தைப் படையே கொடுக்கும். டேட்டா சென்டர் பராமரிப்புக்கு முன்னாள் படையினரைச் சேர்ப்பதையே அடித்தளமாகக்கொண்டு 2013இல் சல்யூட் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது.

ஒரு கட்டடத்துக்கு எத்தனை வேலை? இங்கே அரசியல் மேடைப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். வர்ஜீனியா சட்டமன்றத்தின் ஆய்வுக்குழு 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, கட்டும்போது உச்சத்தில் சுமார் 1,500 பேர் வேலை செய்யும் இரண்டரை லட்சம் சதுர அடிக் கட்டடத்தை, கட்டி முடித்த பிறகு நடத்த சுமார் 50 பேர் போதும். இவ்வளவு முதலீட்டுக்கு இவ்வளவு குறைவான வேலையா என்று கேட்பவர்கள் கேட்பது நியாயம்தான். அந்த ஐம்பதில் ஒருவர் தவறினால் என்ன ஆகும் என்பதும் அதே எண்ணுக்குள் இருக்கிறது.

படையிலிருந்து வந்தவர் என்றாலே தவறமாட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. இதற்குச் சாட்சி பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட். 1979 மார்ச் 28 அதிகாலை, அங்கே இரண்டாம் உலையில் ஒரு அழுத்த நிவாரண வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ, மூடும்படி கட்டளை போய்விட்டது என்பதை மட்டும் காட்டியது. அதை 'மூடிவிட்டது' என்று எடுத்துக்கொண்டார்கள். உலையோடு இணைந்த அழுத்தக் கலனில் நீர்மட்டம் ஏறுவதைப் பார்த்தவர்கள், தானாக ஓடத் தொடங்கியிருந்த அவசரக் குளிர்நீரைக் குறைத்தார்கள். உலைக்குள்ளோ நீர் வற்றிக்கொண்டிருந்தது. எரிபொருள் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகியது.

அந்த ஷிஃப்டில் இருந்த இயக்குநர்கள் கடற்படை அணுத்திட்டத்தில் பயின்றவர்கள். அழுத்தக் கலன் நீரால் முழுக்க நிரம்ப ஒருபோதும் விடாதே என்பது அங்கே ஊறிப்போன பாடம். சிறிய கப்பல் உலைக்குச் சரியான எச்சரிக்கை அது. பெரிய உலையில், அந்தச் சூழ்நிலையில், அதுவே வழியை மறித்தது. விபத்துக்கு நாலாம் நாள் அந்தக் கட்டுப்பாட்டு அறைக்கு நேரில் வந்த ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரும் ரிக்கோவரிடம் வேலை பார்த்த கடற்படை அதிகாரிதான். விபத்துக்குப் பிறகு அமெரிக்க அணுமின் துறை பயிற்சியைத் தலைகீழாக மாற்றியது. ஒவ்வொரு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையையும் அச்சாக ஒத்த மாதிரி அறைகளில், பல பழுதுகள் ஒன்றாக வருவதைப் பழக்கினார்கள். இன்று நல்ல டேட்டா சென்டர்கள் செய்யும் 'வெளி மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டித்துப் பார்க்கும்' ஒத்திகைக்கும் நோக்கம் இதுவே. செயல்முறைக் காகிதத்தை மதிக்கத் தெரிந்தவர் வேண்டும். காட்டும் முள் பொய் சொல்லக்கூடும் என்று சந்தேகப்படத் தெரிந்தவரும் வேண்டும். இரண்டாவதைக் கற்றுத் தருவது கடினம், நேர்காணலில் கண்டுபிடிப்பது அதைவிடக் கடினம்.

அந்த விபத்தில் முதலாம் உலைக்கு எதுவும் ஆகவில்லை. 2019 வரை ஓடி, மலிவான எரிவாயுவோடு போட்டியிட முடியாமல் மூடப்பட்டது. 2024 செப்டம்பரில் கான்ஸ்டலேஷன் நிறுவனம் அதை மறுபடி இயக்கப்போவதாக அறிவித்தது. 835 மெகாவாட், இருபது ஆண்டு ஒப்பந்தம், வாங்குபவர் மைக்ரோசாஃப்ட், தன் டேட்டா சென்டர்களின் மின்தேவைக்கு ஈடுகட்ட. உலையை ஓட்டவும் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். கூஸ் கிரீக்கில் படித்தவர்களை ஒரு பக்கம் அணுமின் நிலையங்களும் மறுபக்கம் அந்த மின்சாரத்தை வாங்குகிறவர்களும் இழுக்கிறார்கள்.

மூடிய உலையைத் தூசிதட்டும் அளவுக்கு என்ன அவசரம்? லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தின் கணக்கு: 2023இல் அமெரிக்க டேட்டா சென்டர்கள் 176 டெராவாட் மணி மின்சாரம் உண்டன. நாட்டின் நுகர்வில் 4.4 சதவீதம். 2028இல் அது 6.7 முதல் 12 சதவீதம் வரை போகலாம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள அகலத்தைக் கவனியுங்கள். எத்தனை மின்நிலையம் கட்டுவது என்று திட்டமிட வேண்டியவர் இந்த அகலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? வர்ஜீனியாவின் லவுடன் மாவட்டத்தில் 2022இலேயே, உயரழுத்தத் தடங்கள் போதவில்லை என்று டொமினியன் மின்நிறுவனம் புதிய இணைப்புகளைத் தள்ளிப்போட்டது. அந்தப் பகுதி உட்பட 13 மாநிலங்களுக்கான மின்தொகுப்பில், எதிர்காலத் திறனை முன்பதிவு செய்யும் ஏலத்தில் ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்கு 28.92 டாலராக இருந்த விலை, 2024 ஜூலையில் நடந்த அடுத்த ஏலத்தில் 269.92 டாலரானது. இதன் ஒரு பகுதி சாதாரணக் குடும்பத்தின் மின்கட்டணத்தில்தான் வந்து விழுகிறது.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு கட்டடத்தின் உள்ளும் மாறிவிட்டது. முன்பு ஒரு சர்வர் அலமாரி ஐந்து, பத்து கிலோவாட் எடுத்தது. 72 சிப்புகள் கொண்ட என்விடியாவின் ஒரு அலமாரி இன்று சுமார் 120 கிலோவாட் எடுக்கிறது. அந்த வெப்பத்தைக் காற்றால் விசிறித் தள்ள முடியாது. சிப்பின் முதுகு வரைக்கும் குழாயில் திரவம் ஓட வேண்டும். பம்பு, வால்வு, கசிவு, நீரின் வேதியியல் ஆகியவை சர்வர் கூடத்துக்குள் வந்துவிட்டன. நீர்மூழ்கியில் இயந்திரப் பணியாளராக இருந்தவருக்கு இவை பழகிய வேலைகள்.

மின்தொகுப்போடு பேசி வாழவும் இத்துறை கற்கத் தொடங்கியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் கூகுள் இரண்டு மின்நிறுவனங்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. மின்தேவை உச்சத்தில் இருக்கும்போது, அவசரமில்லாத செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளைத் தள்ளிப்போட்டுப் பாரத்தைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. 2024 ஜூலையில் வர்ஜீனியா மின்தடத்தில் நடந்ததற்கு நேர் எதிரான குணம் இது: திடீரென்று கையை விடாமல், கேட்டால் கையைத் தளர்த்துவது.

நம்மூரில் முன்னாள் படைவீரர் என்றால் வங்கி வாசலில் துப்பாக்கியோடு ஒரு நாற்காலி என்றே பழகிவிட்டோம். ஜாம்நகரில் உள்ள ஐஎன்எஸ் வல்சுராவில் மின்பொறியியலும், லோனாவாலாவின் ஐஎன்எஸ் சிவாஜியில் கப்பல் இயந்திரங்களும் படித்த கடற்படையினர் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். பலர் நாற்பதைத் தொடுவதற்கு முன்பே சீருடையைக் கழற்றுகிறார்கள். சென்னையில் கடலடிக் கேபிள்கள் கரையேறுகின்றன. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் எழுந்திருக்கின்றன. மாநில அரசு 2021இல் இதற்கென்றே ஒரு கொள்கையும் வெளியிட்டது. இந்தக் கட்டடங்களில் கேட்கும் வேலை பெரும்பாலும் மென்பொருள் அல்ல. உயரழுத்த சுவிட்ச் கியர், டீசல் ஜெனரேட்டர், குளிர்நீர் ஆலை, பேட்டரி அறை. ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் மின்சாரமும் குளிர்பதனமும் படித்தவருக்கு எட்டாத வேலைகள் அல்ல. கப்பலில் பதினைந்து ஆண்டு இவற்றோடு குடியிருந்தவர் விண்ணப்பத்தில் 'கடற்படை, ஓய்வு' என்று இரண்டு சொல் எழுதி நிறுத்தக் கூடாது. எத்தனை கிலோவோல்ட்டில் கை வைத்தார், எத்தனை மெகாவாட் மின்னாக்கியைப் பார்த்துக்கொண்டார், எத்தனை பேரை ஷிஃப்டில் வழிநடத்தினார் என்று எழுத வேண்டும்.