குளம்பும் உடலும்

ஓடும் குதிரையைக் காண்போர் அதன் பிடரியையும் தசைத்திரட்சியையும் கண்டு வியப்பர். குதிரையை நன்கறிந்தோர் முதலில் அதன் குளம்பை நோக்குவர். கிரேக்க அறிஞர் செனபோன், பொ.ஆ.மு. 4ஆம் நூற்றாண்டில் இயற்றிய குதிரையேற்ற நூலில், கடைக்கால் உறுதியற்ற வீட்டைப் போன்றது குளம்பு நலமற்ற குதிரை என்னும் கருத்தை முன்வைத்தார். இன்றைய உடற்கூற்றியல் அதன் காரணத்தைத் தெளிவாக விளக்குகிறது.

விரல் நுனியில் நிற்கும் உயிர்

குதிரையின் ஒவ்வொரு காலிலும் முழுமையாக வளர்ந்துள்ள விரல் ஒன்றே. அவ்விரலின் நுனியை உறைபோல் சூழ்ந்துள்ள நகமே குளம்பு ஆகும். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள உடலை நான்கு குளம்புகள் தாங்குகின்றன. நிற்கும்போது அவ்வெடையில் சுமார் 60 விழுக்காடு முன்னங்கால்களைச் சாரும். நாலுகால் பாய்ச்சலில், ஒரு காலின்மீது மட்டும் உடல் எடையைப்போல் இரு மடங்குக்கும் மிகுதியான விசை விழுகிறது.

குளம்புச் சுவருக்கும் அதனுள் இருக்கும் எலும்புக்கும் இடையே, கோத்த விரல்களைப்போல் நுண்தகடுகள் பின்னியுள்ளன. எலும்பைச் சுவரோடு பிணைத்து நிறுத்துபவை இவையே. அடிப்புறத்தில் ஆப்பு வடிவிலுள்ள நெகிழ்வான பகுதியும் அதற்கு மேலுள்ள மெத்தை போன்ற திசுவும் அதிர்ச்சியைத் தணிக்கின்றன.

கீழிருந்து மேலே

முன்னங்காலின் முழங்காலுக்குக் கீழே பெருந்தசைகள் இல்லை. மேலேயுள்ள தசைகள் நீண்ட தசைநாண்கள் வழியாகக் குளம்பை இயக்குகின்றன. ஆகவே, குளம்பின் வடிவம் மாறினால் அந்த இழுவிசையும் மாறும்.

குளம்பு மாதந்தோறும் 1 செ.மீ. வரை வளரும். உரிய காலத்தில் சீர்செய்யாவிடின் முன்முனை நீண்டு, பின்பகுதி தாழக்கூடும். நீண்ட முன்முனை நெம்புகோலின் நீண்ட கைபோல் செயல்படுவதால், குளம்பைத் தரையிலிருந்து எழுப்பக் கூடுதல் விசை தேவைப்படுகிறது. காலின் பின்புறத் தசைநாணும், அது தழுவிச் செல்லும் படகு வடிவச் சிற்றெலும்பும் மிகுந்த அழுத்தத்துக்கு உள்ளாகின்றன. வலி தோன்றியதும் குதிரை அடிகளைக் குறுக்கி வைக்கிறது. நோயுற்ற முன்னங்காலை ஊன்றும்போது தலையை உயர்த்துகிறது. நாளடைவில் தோளும் முதுகும் இறுகுகின்றன. முதுகு நோவின் காரணத்தைச் சில வேளைகளில் குளம்பில் தேட வேண்டியிருப்பது இதனாலேயே.

மேலிருந்து கீழே

உடலின் சுமை இடம் மாறினால் குளம்பும் கெடும். பார்பரோ என்னும் பந்தயக் குதிரை 2006 மே மாதம் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் வென்றது. இரு வாரங்களில், பிரீக்னஸ் பந்தயத்தில் அதன் வலப் பின்னங்கால் முறிந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் உலோகத் தகடும் திருகுகளும் பொருத்தி முறிவைச் சீர்செய்தனர். ஆயினும், முறிந்த காலின் சுமையையும் சேர்த்துத் தாங்கிய இடப் பின்னங்காலின் குளம்பில், ஜூலை மாதம் நுண்தகடுகள் அழற்சியுற்றுச் சிதைந்தன. பின்னர் முன்னங்கால்கள் இரண்டையும் அந்நோய் பற்றியது. ஊன்றி நிற்க நலமான கால் இல்லாத நிலையில், 2007 ஜனவரி 29 அன்று பார்பரோ கருணைக்கொலை செய்யப்பட்டது.

காக்கும் வழிகள்

குளம்பை நாள்தோறும் தூய்மை செய்தலும், பொதுவாக 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை வெட்டி அரத்தால் சீர்செய்தலும் இன்றியமையாதவை. தேர்ந்த லாடக் கலைஞர் கருவியை எடுக்குமுன் குதிரையை நடக்கவிட்டு, அதன் நடையையும் நிற்கும் நிலையையும் கூர்ந்து நோக்குவார். மிகுதியான தானிய உணவும் நுண்தகடுகளில் அழற்சியை உண்டாக்கும் என்பதால் தீவனத்தில் அளவு வேண்டும். குளம்பில் வெப்பம் மிகுதல், முன்னங்கால்களை நீட்டி உடலைப் பின்சாய்த்து நிற்றல், திரும்பத் தயங்குதல் ஆகியன அந்நோயின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். குதிரை தன் வலியைச் சொல்லாது. அது நிற்கும் நிலையிலிருந்தே வளர்ப்பவர் அதனை அறிந்துகொள்ள வேண்டும்.